அடுத்த வாசலுக்கும் சேர்த்து



2018 பெப்ரவரி 6ஆம் திகதி மாலையைப் பற்றி உங்கள் அப்பா அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். அன்று கொட்டிய பனியால் பாரிஸ் பகுதியில் 700 கிலோமீற்றருக்கு மேல் வாகன நெரிசல். ஏற்ற இறக்கமான என்118 நெடுஞ்சாலையில் நூற்றுக்கணக்கானோர் இரவெல்லாம் வாகனங்களுக்குள்ளேயே இருந்தார்கள். மறுநாள் மொன்மார்த் சரிவில் சிலர் பனிச்சறுக்கு விளையாடினார்கள். ஆனால், லாச்சப்பலில் மரக்கறிப் பையோடு நடக்கும் அம்மம்மாவுக்குப் பனி விளையாட்டல்ல. ஒருமுறை வழுக்கினால் இடுப்பெலும்பு முறியலாம்.

வாசல் நடைபாதையைத் துப்புரவாக்குவது குடியிருப்போர், கடைக்காரர் பொறுப்பு என்று பிரான்சில் பல மாநகரசபைகள் விதித்துள்ளன. அதை எப்படிச் செய்வது?

முதலில், முந்திக்கொள்ளுங்கள். புதுப்பனியைத் தும்புத்தடியாலேயே கூட்டலாம். பலர் மிதித்து இறுகினால் அது பனிக்கட்டி. பிறகு உடைக்கத்தான் வேண்டும்.

அள்ளிய பிறகே உப்புத் தூவுங்கள். உப்பு நீரின் உறைநிலையைக் குறைக்கிறது. தடித்த பனிமேல் கொட்டினால் வீண். குளிர் மிகவும் கடுமையானால் உப்பு மெதுவாகவே வேலை செய்யும். அப்போது மணல் தூவினால் காலுக்குப் பிடி கிடைக்கும். சுடுநீர் ஊற்றவே வேண்டாம், அது மீண்டும் உறைந்து கண்ணாடியாகிவிடும்.

புறநகரில் சிலரின் வீட்டுக்குச் சரளைக்கல் போட்ட சரிவுப்பாதை இருக்கும். அங்கே சவளை நிலத்தில் உரசாமல் சற்று உயர்த்திப் பிடியுங்கள்; இல்லாவிட்டால் பனியோடு கல்லும் போய்விடும். மேலிருந்து கீழ்நோக்கி வேலை செய்தால் பாரம் குறையும். உருகிய நீர் சரிவின் அடியில் தேங்கி உறையும். அங்கே மணல் கட்டாயம்.

10 சென்ரிமீற்றர் புதுப்பனி ஒரு சதுர மீற்றரில் ஏறத்தாழ 10 கிலோ. ஈரப்பனி இன்னும் பாரம். கடுங்குளிரில் இந்த வேலை இதயத்துக்குப் பெரும் சுமை. எனவே, இதய நோயுள்ள அப்பப்பா கையில் சவளைக் கொடுக்காதீர்கள். அது உங்கள் வேலை.

உங்கள் வாசல் முடிந்ததா? பக்கத்து வீட்டில் தனியாக இருப்பவரின் வாசலையும் பாருங்கள். பத்து நிமிடம் போதும். பாதை உங்கள் வாசலோடு நின்றுவிட்டால், அம்மம்மா அடுத்த வாசலில் விழுவார்.

அடுத்த பனி விழுமுன் ஒரு சவளும் ஒரு பை உப்பும் வாங்கி வையுங்கள்.