எல்லைச் சொற்கள் – 9: நிர்ஜலீகரணம்

சென்ற வாரம் பார்த்த மலையாள 'வரள்ச்ச' நம் வறட்சியேதான். கிணறு வற்றுவதும் மிளகாய் வற்றலாவதும் இரு மொழிக்கும் பொது. திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்தில் 'வற்றல் முளகு' என்றாலும் நாகர்கோவிலில் 'வத்தல்' என்றாலும் ஒரே சரக்குதான் கைக்கு வரும். உடம்பு வற்றும்போது மட்டும் மலையாளம் வடமொழிக்குப் போய்விடுகிறது: நிர்ஜலீகரணம். நீரற்றதாக ஆக்குதல் என்று பொருள்.

கும்ப மாதத்தில், அதாவது நம் மாசியில், திருவனந்தபுரம் இச்சொல்லை அதிகம் கேட்கும். ஆற்றுக்கால் பொங்காலைக்கு லட்சக்கணக்கான பெண்கள் தெருவெங்கும் செங்கல் அடுப்பு மூட்டுகிறார்கள். 2009இல் 25 லட்சம் பேர் என்பது கின்னஸ் கணக்கு. மேலே வெயில், எதிரே தீ. தண்ணீர் குடிக்கச் சொல்லிச் சுகாதாரத் துறை ஆண்டுதோறும் அறிவுறுத்துகிறது.

சிகிச்சைக்காகத் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜுக்கு வரும் குமரி மாவட்டத்தார் காதிலும் இதே சொல்தான் விழும். தமிழில் பாடநூல் 'நீரிழப்பு' என்கிறது. டாக்டரோ 'நீர்ச்சத்து குறைஞ்சிருக்கு' என்கிறார். மூன்றில் எனக்கு உகந்தது டாக்டரின் சொல். நிர்ஜலீகரணத்திலும் நீரிழப்பிலும் நீர் மட்டுமே இருக்கிறது. 'சத்து' என்றதும் கூடவே போகும் உப்பும் உள்ளே வந்துவிடுகிறது.

வியர்வை கரிக்கிறதல்லவா? பேதியிலும் சோடியமும் பொட்டாசியமும் வெளியேறுகின்றன. அப்போது வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். மிஞ்சினால் வலிப்புகூட வரும். குடலிலோ உப்பும் குளுக்கோஸும் ஜோடியாகவே உள்ளே நுழைகின்றன. அவற்றின் பின்னே தண்ணீர் போகிறது. காலராவிலும் இந்த வழி அடைபடுவதில்லை.

இதை நம்பித்தான் 1971இல் டாக்டர் திலீப் மகலனாபிஸ் வங்க எல்லையில், போன்காவ் அகதி முகாமில் காலராவை எதிர்த்துத் துணிந்து இறங்கினார். நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்று கலந்து, நோயாளிகளின் உறவினர் கையிலேயே கொடுத்துப் புகட்டச் சொன்னார். 30 சதவீதத்தை ஒட்டியிருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. இன்றைய ஓ.ஆர்.எஸ். பொட்டலம் அந்தக் கலவையின் வாரிசு. அவர் 2022இல் காலமான பிறகே பத்ம விபூஷண் வந்தது. உயிரோடிருந்தபோதே தந்திருக்க வேண்டிய மரியாதை அது.

கேரள வீடுகளில் உப்பிட்ட கஞ்சிவெள்ளம் (கஞ்சித் தண்ணீர்) உண்டு, சம்பாரம் (மோர்) உண்டு, கரிக்கும் (இளநீர்) உண்டு. வெயில் களைப்புக்கு எல்லாமே நல்லவை. ஆனால் இளநீரில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. கடும் பேதிக்கு அதை மட்டும் நம்பக் கூடாது. பொட்டலம் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி. குழந்தைக்குக் கண் குழிந்து, அழுதால் கண்ணீர் வராமல், பல மணி நேரம் சிறுநீரும் போகாதிருந்தால் ஆஸ்பத்திரிக்குத்தான் கிளம்ப வேண்டும். விழுங்க முடிகிற குழந்தையானால் போகிற வழியிலும் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டிக்கொண்டே போகலாம்.