அந்த 'கூஸ்பம்ப்ஸ்' அட்டைகளை வரைந்தவர் யார்? திகிலுக்கு நிறம் கொடுத்த டிம் ஜேக்கபஸின் கதை

வீட்டின் பின்பக்கத் தோட்டம். நல்ல வெயில். கரி அடுப்பில் இறைச்சி வாட்டிக்கொண்டிருக்கும் குடும்பம் ஒன்று, போட்டோவுக்கு போஸ் கொடுக்கிறது. சட்டை, கவுன் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. முகங்களைப் பார்த்தால்தான் திக்கென்கிறது. மொத்தக் குடும்பமும் எலும்புக்கூடு!

'ஸே சீஸ் அண்ட் டை!' என்ற புத்தகத்தின் அட்டை இது. 90களிலோ 2000களின் தொடக்கத்திலோ ஆங்கில வழிப் பள்ளியில் படித்திருந்தால், பள்ளி நூலகத்திலோ பழைய புத்தகக் கடையிலோ இதை நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பு அதிகம். எழுதியவர் ஆர்.எல்.ஸ்டைன் என்பதும் ஞாபகம் இருக்கும். கதை? அது மறந்தே போயிருக்கும். ஆனால் அந்தப் படம் மட்டும் மறக்கவில்லை, இல்லையா?

சரி, அந்தப் படத்தை வரைந்தவர் யார்? 'அட, இதை யோசிச்சதே இல்லையே' என்பதுதான் பலரின் பதிலாக இருக்கும். அவர் பெயர் டிம் ஜேக்கபஸ்.

யார் இந்த டிம் ஜேக்கபஸ்?

1959-ல் பிறந்த அமெரிக்க ஓவியர். நியூயார்க்கை ஒட்டியிருக்கும் நியூ ஜெர்சி மாநிலத்துக்காரர். தன் ஓவிய வாழ்க்கையைப் பற்றி இவர் எழுதிய புத்தகத்தின் தலைப்பே 'இட் கேம் ஃப்ரம் நியூ ஜெர்சி!' என்பதுதான். ஸ்டைன் தன் சுயசரிதைக்கு, தான் வளர்ந்த மாநிலத்தின் பெயரில் 'இட் கேம் ஃப்ரம் ஒஹையோ!' என்று தலைப்பு வைத்திருந்தார். அதற்கு ஜோடியாக வந்த தலைப்பு இது.

இவரை ஈர்த்த ஓவியர்களில் முக்கியமானவர் ரோஜர் டீன். 'யெஸ்' என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவின் இசைத்தட்டு உறைகளுக்கு, அந்தரத்தில் மிதக்கும் பாறைகளையும் வேற்றுலக நிலங்களையும் வரைந்தவர் அவர். கண்ணால் பார்க்கவே முடியாத ஓர் இடத்தை, போய்வந்த இடம்போல வரைந்து காட்டும் அந்த வித்தையை ஜேக்கபஸின் அட்டைகளிலும் பார்க்கலாம்.

முதல் அட்டையிலேயே புகழ் வந்துவிடவில்லை. 1980கள் முழுக்க அறிவியல் புனைகதை, மாயாஜாலக் கதைப் புத்தகங்களுக்கு அட்டை வரைந்துகொண்டிருந்தார். 'கூஸ்பம்ப்ஸ்' வாய்ப்பு வந்தபோது இவருக்கு வயது 30-ஐத் தாண்டியிருந்தது. அதற்குப் பிறகு நடந்ததுதான் வரலாறு. அந்த வரிசைக்கு மட்டும் 100-ஐ நெருங்கும் அட்டைகள், மொத்தமாக 300-க்கும் மேற்பட்ட புத்தக அட்டைகள் இவர் கணக்கில் இருக்கின்றன.

திகில் புத்தகத்துக்கு அட்டை ஏன் அவ்வளவு முக்கியம்?

அமெரிக்காவில் மலிவு விலை பேப்பர்பேக் புத்தகங்கள், புத்தகக் கடைகளைத் தாண்டி மருந்துக் கடை, சூப்பர் மார்க்கெட், விமான நிலையம் எங்கும் சுழலும் கம்பி ஸ்டாண்டுகளில் விற்கப்பட்டவை. பற்பசை வாங்க வந்தவர், போகிற போக்கில் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். அவர் கண் அங்கே நிற்பது சில விநாடிகள்தான். அந்தச் சில விநாடிக்குள் 'என்னை எடு' என்று சொல்ல வேண்டியது அட்டையின் வேலை.

1967-ல் 'ரோஸ்மேரிஸ் பேபி', 1971-ல் 'தி எக்ஸார்சிஸ்ட்', 1974-ல் ஸ்டீபன் கிங்கின் 'கேரி' என்று வரிசையாக வந்த நாவல்கள், திகிலுக்குப் பெரிய சந்தை இருப்பதைக் காட்டின. 80களில் போட்டி முற்றியது. பளபளக்கும் உலோகத் தாள் எழுத்துகள், தொட்டால் மேடாகத் தெரியும் அச்சு, ஓட்டை போட்ட அட்டை, அந்த ஓட்டை வழியே எட்டிப் பார்க்கும் இரண்டாவது படம் என்று பதிப்பகங்கள் எல்லா வித்தைகளையும் இறக்கின. இந்த அட்டைகளை வரைவதற்கென்றே ஓவியர்கள் பலர் இருந்தார்கள். புத்தகம் ஸ்டாண்டிலிருந்து இறங்கியதும் அவர்களுடைய ஓவியமும் மறக்கப்பட்டுவிடும்.

90களின் தொடக்கத்தில் பெரியவர்களுக்கான திகில் சந்தை சரிந்தது. ஒரே மாதிரிக் கதைகள், ஒரே மாதிரி அட்டைகள் என்று வாசகர்களுக்குச் சலித்துவிட்டது. அந்த இடத்தில்தான் புது வாசகர் கூட்டம் ஒன்று நுழைந்தது: 8 முதல் 12 வயதுப் பிள்ளைகள்.

'கூஸ்பம்ப்ஸ்' எப்படி வேறாக இருந்தது?

முதல் புத்தகமான 'வெல்கம் டு டெட் ஹவுஸ்' 1992 ஜூலையில் வந்தது. வெளியிட்டது ஸ்காலஸ்டிக் பதிப்பகம். பள்ளிகளுக்குள்ளேயே புத்தகக் கண்காட்சி நடத்துவது இந்த நிறுவனத்தின் பெரிய பலம். அங்கே காசு பெற்றோருடையதாக இருந்தாலும், புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பது பிள்ளைதான். அதனால் அட்டை பேச வேண்டியதும் பிள்ளையிடம்தான்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அட்டை பயமுறுத்த வேண்டும், ஆனால் அம்மாவோ டீச்சரோ பார்த்துப் புத்தகத்தைப் பிடுங்கி வைத்துவிடக் கூடாது. ரத்தம் கூடாது, பிணம் கூடாது. பெரியவர்களுக்கான திகில் அட்டையின் பாதி ஆயுதங்கள் இங்கே செல்லாது. மிச்சம் இருப்பதை வைத்துத்தான் ஜேக்கபஸ் விளையாட வேண்டியிருந்தது.

அவர் எப்படி விளையாடினார் என்பதற்கு இந்த மூன்று அட்டைகளே சாட்சி.

  

• 'மான்ஸ்டர் பிளட்': மாடிப்படி வழியாக வழிந்து இறங்கும் பச்சைக் கூழ்.

• 'பியானோ லெசன்ஸ் கேன் பி மர்டர்': பியானோ வாசிக்கும் கைகள். கைகள் மட்டும்தான், ஆள் இல்லை.

• 'எ நைட் இன் டெரர் டவர்': வாசலில் கோடரியுடன் நிற்கும் கொலையாளி. அவனைப் பார்த்து நிற்பது நீங்கள்தான்.

கவனித்தால் ஒன்று புரியும். எந்தப் படத்திலும் பயங்கரம் நடந்து முடிந்துவிடவில்லை. அது நடப்பதற்கு முந்தைய நொடியில் படம் நின்றுவிடுகிறது. அடுத்து என்ன என்பதைப் பிள்ளையின் கற்பனைக்கே விட்டுவிடுகிறார். அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, புத்தகத்தைத் திறப்பது. இதைவிடப் பெரிய விளம்பரம் என்ன வேண்டும்?

அந்த நிறங்களின் ரகசியம் என்ன?

திகில் என்றால் கறுப்பு, சிவப்பு என்பதுதான் அதுவரை வழக்கம். ஜேக்கபஸ் ஊதா, எலுமிச்சைப் பச்சை, ஆரஞ்சு என்று மிட்டாய்க் கடை நிறங்களைக் கொட்டினார். ஊதா பக்கத்தில் மஞ்சள், பச்சை பக்கத்தில் சிவப்பு என எதிரெதிர் நிறங்களைச் சேர்த்து வைத்தால், இரண்டும் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும். பத்தடி தூரத்திலிருந்தே கண்ணை இழுக்கும்.

அடுத்தது கோணம். இவர் வரைந்த அறைகளில் சுவர் நேராக நிற்காது, தரை வளையும், வாசல் சாயும். பல படங்களில் நாம் கீழேயிருந்து அண்ணாந்து பார்க்கிறோம். அதாவது, ஒரு சின்னப் பிள்ளையின் உயரத்திலிருந்து. பெரியவர்களின் உலகம் பிள்ளைக்கு எப்படித் தெரியுமோ, அப்படி.

மூன்றாவது கருவி. அக்ரிலிக் வண்ணமும் ஏர்பிரஷ்ஷும். காற்றழுத்தத்தால் வண்ணத்தைப் பனிபோலத் தெளிக்கும் பேனா அளவுக் கருவி அது. பைக் டேங்கில் டிசைன் அடிப்பவர்களிடம் பார்த்திருப்பீர்கள். தூரிகைத் தடமே இல்லாமல் ஒரு நிறம் இன்னொன்றில் கரைவதுபோலச் செய்ய இது உதவும். பேயின் ஒளி, மூடுபனி, வழுவழுப்பான பச்சைக் கூழ் எல்லாவற்றுக்கும் தோதானது. ஆனால் சிரமமும் அதிகம். வண்ணம் படக்கூடாத இடத்தையெல்லாம் முதலில் மறைத்து ஒட்ட வேண்டும். தப்பாகிவிட்டால் 'அண்டூ' பட்டன் கிடையாது!

இத்தனைக்கும் நடுவே ஒரு சின்னக் குறும்பு. இவர் வரைந்த பிள்ளைகள் பலரின் கால்களில் கான்வர்ஸ் ஷூ இருக்கும். ரசிகர்கள் அதை இன்றும் தேடித் தேடிக் கண்டுபிடிக்கிறார்கள்.

மாதம் ஒரு அட்டை சாத்தியமா?

முதல் வரிசையின் 62 புத்தகங்கள் 1992 ஜூலை முதல் 1997 டிசம்பர் வரை வந்தன. அதாவது 66 மாதத்தில் 62 புத்தகம். அவற்றில் ஏறக்குறைய எல்லா அட்டைகளும் ஜேக்கபஸ் வரைந்தவைதான்.

இந்த வேகத்தில் முழுக் கதையையும் படித்துவிட்டு வரைய நேரம் ஏது? பல நேரம் கதைச் சுருக்கம்தான் கைக்கு வரும். அதை வைத்துச் சின்னச் சின்னப் பென்சில் படங்கள் போட வேண்டும். பதிப்பகம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். பிறகுதான் வண்ண ஓவியம். அதற்குள் அடுத்த புத்தகத்தின் சுருக்கம் வந்து நிற்கும். 'டெட்லைன்' என்ற சொல்லோடு தினமும் மல்லுக்கட்டும் நமக்கு இதன் அழுத்தம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சீக்கிரம் காயும் அக்ரிலிக் இதற்கும் கைகொடுத்தது. எண்ணெய் வண்ணமாக இருந்தால் காய்வதற்கே நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

உலகம் முழுக்க இந்த வரிசை 40 கோடிப் பிரதிகளுக்கும் மேல் விற்றது. டிவி தொடர் வந்தது. டி-ஷர்ட், பை, பொம்மை எல்லாம் வந்தன.

பெயர் யாருக்கு, பணம் யாருக்கு?

இங்கேதான் இந்தக் கதை நம் எல்லோருக்குமான கதை ஆகிறது. அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது எழுத்தாளர் பெயர். ஓவியரின் பெயர் பெரும்பாலும் பின்னட்டையிலோ உரிமைப் பக்கத்திலோ பொடி எழுத்தில்தான் கிடக்கும்.

பெயரை விடுங்கள், உரிமை? பொதுவாக அமெரிக்க அட்டை ஓவியர்களுக்கு இரண்டு விதமான ஒப்பந்தங்கள் உண்டு. ஒன்றில், காப்புரிமை ஓவியரிடமே இருக்கும். அட்டையில் அச்சிடும் உரிமையை மட்டும் பதிப்பகம் வாங்கும். மற்றொன்றில், கூலிக்குச் செய்த வேலையாகவே அது கருதப்படும். சட்டத்தின் பார்வையில் படைப்பாளியே பதிப்பகம்தான். வரையும் கையும் செலவாகும் நேரமும் ஒன்றுதான். ஆனால் அந்தப் படம் நாளை டி-ஷர்ட்டாகவும் போஸ்டராகவும் மாறும்போது, ஒரு கையெழுத்துதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். ஃப்ரீலான்ஸ் டிசைனர்கள் ஒப்பந்தத்தின் அந்தப் பத்தியை இரண்டு முறை படிக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

அலை ஓய்ந்த பிறகு என்ன ஆனது?

1997-ல் விற்பனை இறங்கத் தொடங்கியது. அடுத்து வந்த 'சீரிஸ் 2000' வரிசையும் 2000-த்தோடு நின்றது. 2008-ல் 'ஹாரர்லேண்ட்' என்ற பெயரில் வரிசை திரும்ப வந்தபோது, அட்டைகளை வரைந்தவர் பிராண்டன் டோர்மன் என்ற வேறு ஓவியர். இதற்கிடையே அட்டைத் தொழிலே கம்ப்யூட்டருக்கு மாறிவிட்டிருந்தது. ஜேக்கபஸும் காலத்தோடு டிஜிட்டலுக்கு மாறினார்.

ஆனால் அந்த அட்டைகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் பெரியவர்களாகி, சொந்தமாகச் சம்பாதிக்க ஆரம்பித்தார்கள். சின்ன வயதில் தங்களைத் தூங்கவிடாமல் செய்த படங்களைத் தேடினார்கள். பழைய அட்டைகளோடு மறுபதிப்புகள் வந்தன. 2021-ல் அட்டை ஓவியங்களுக்கென்றே 'தி ஆர்ட் ஆஃப் கூஸ்பம்ப்ஸ்' என்ற புத்தகம் வெளியானது. ஒரு காலத்தில் பொடி எழுத்தில் இருந்த பெயரை இன்று ரசிகர்கள் தேடி வருகிறார்கள்.

இன்று ஏன் இதைப் பேச வேண்டும்?

2022 டிசம்பரில், டோர் என்ற பிரபல அமெரிக்கப் பதிப்பகத்தின் நாவல் ஒன்றின் அட்டையில், ஏஐ உருவாக்கிய படம் பயன்படுத்தப்பட்டது தெரியவந்து சர்ச்சை வெடித்தது. 2023-ல் பிரிட்டனிலும் ஒரு பிரபல நாவலின் அட்டை இதே சிக்கலில் மாட்டியது. ஏஐ மட்டுமே உருவாக்கும் படத்துக்குக் காப்புரிமை கிடையாது என்பது அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தின் நிலைப்பாடு. இருந்தாலும், ஓர் ஓவியர் பல நாள் செய்யும் வேலையைச் சில நொடியில் முடிக்கும் கருவி கையில் இருக்கும்போது, பதிப்பகங்களுக்கு ஆசை வராமல் இருக்குமா?

'எலும்புக்கூட்டுக் குடும்பம் சமைக்கிற மாதிரி ஒரு படம்' என்று இன்று யார் கேட்டாலும் ஏஐ போட்டுக் கொடுக்கும். ஆனால் பயமும் சிரிப்பும் சரிபாதியாகக் கலந்த அந்தக் காட்சி, 1992-ல் யாரோ ஒருவர் மேஜை முன் உட்கார்ந்து, எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்று யோசித்ததால் வந்தது.

அடுத்த முறை ஒரு புத்தகத்தை அட்டைக்காகவே கையில் எடுத்தால், அப்படியே உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் ஒரு பெயர் இருக்கும். உங்களை அங்கே நிற்க வைத்தது அவர்தான்!