ஆள்காட்டி கத்தினால் காலடியைப் பாருங்கள்

பெங்களூரு தொம்மலூரில் கோல்ஃப் மைதானத்தை ஒட்டிய தெருக்களில் குடியிருப்பவர்கள், நடுநிசியில் ஒரு பறவை அலறிக்கொண்டே பறந்து போவதைக் கேட்டிருக்கலாம். ஆந்தையல்ல, ஆள்காட்டி. சிவப்பு மூக்கு ஆள்காட்டிக்குப் பகல், இரவு இரண்டும் ஒன்றுதான்.

‘டிட்-ஹி-டூ-இட்’ என்று அது விசாரிப்பதாக ஆங்கிலேயர் காதில் விழுந்தது. சமஸ்கிருதம் அதே ஓசையை ‘டிட்டிபம்’ ஆக்கியது. தமிழன் குரலை விட்டுவிட்டுக் குணத்தைப் பிடித்தான்: ஆளைக் கண்டால் ஊரைக் கூட்டுவது. குறுந்தொகை 350ஆம் பாட்டில் வரும் நெடுங்கால் கணந்துளும் வழியில் ஆள் நடமாட்டத்தைக் குரலால் அறிவிக்கிற பறவைதான். அதை ஆள்காட்டி என்றே கொள்வோர் உண்டு. ஐரோப்பிய ஆள்காட்டிக்குத் தலையில் நீண்ட கொண்டை; நம்முடையதற்கு அது கிடையாது. அலகடியிலிருந்து கண் வரை செல்லும் சிவப்புச் சதைதான் அடையாளம். வறண்ட பொட்டலில் வாழும் மஞ்சள் மூக்கு ஆள்காட்டிக்கு அந்தச் சதை மஞ்சள்.

இத்தனை கூச்சலும் முட்டைக்காகத்தான். பின்விரல் பெயருக்கு மட்டும் இருப்பதால் இதனால் கிளையைப் பற்றி உட்கார முடியாது. மரத்தில் கூடு என்ற பேச்சே இல்லை. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை வெட்டவெளியில் சிறு பள்ளம் பறித்து, ஓரத்தில் சில கூழாங்கற்களைச் சேர்த்து, பெரும்பாலும் நான்கு முட்டை இடும். மண்ணிறத்தில் கரும்புள்ளிகளோடு, கூர்முனைகள் உள்நோக்கியபடி கிடக்கும். ஓரடி தள்ளி நின்றாலும் கண்ணில் படாது. நாயோ ஆளோ நெருங்கினால் தலைக்கு மேல் பாய்ந்து பாய்ந்து விரட்டும். கோடை வெயிலில் முட்டை வெந்துவிடக் கூடாதே என்று, தண்ணீரில் வயிற்று இறகை நனைத்து வந்து மேலே அமர்ந்து குளிர்விக்கும். ஆகவே, பக்கத்தில் நீர் வேண்டும். சுற்றிலும் வெட்டவெளி வேண்டும். குஞ்சுகள் பொரித்த சில மணி நேரத்தில் நடந்துவிடும். தாய் எச்சரித்தால் தரையோடு ஒட்டி அசையாமல் கிடக்கும்.

பஞ்சதந்திரத்தில் கடல் இதன் முட்டைகளைக் களவாடுகிறது. பறவை கருடனிடம் முறையிட்டு, திருமாலின் தயவால் மீட்டுக்கொள்கிறது. தொம்மலூரில் கதை தலைகீழ். இங்கே போனது நீர்தான். தொம்மலூர் ஏரி குடியிருப்பு மனைகளாகிவிட்டது. சல்லகட்டா ஏரி கோல்ஃப் மைதானமாகிவிட்டது. புல்வெளியாவது மிஞ்சியதே என்று ஆறுதல் கொள்ளலாம். மற்றபடி, இதற்கு வாய்ப்பது அடுத்த கட்டடத்துக்காகக் காத்திருக்கும் காலி மனைதான். ஜல்லி பரப்பிய மொட்டை மாடியில்கூட முட்டையிட்டதுண்டு.

உங்கள் பக்கத்து மனையில் இது விடாமல் கத்தினால் ஓரிடத்திலேயே நின்று தரையைப் பாருங்கள். முட்டை தெரிந்தால் தொடாமல் வந்த வழியே திரும்பிவிடுங்கள். மனை உங்களுடையதென்றால் மண் அள்ளும் இயந்திரத்தை ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள். அடைகாலம் 28 முதல் 30 நாள்தான்.