தமிழ்த் திரையுலகம் திருப்பி அனுப்பிய செம்பூர்ப் பெண்: வித்யா பாலன் முன்னணிக்கு வந்தது எப்படி?

மும்பை: 2002-ஆம் ஆண்டு வெளியான ‘ரன்’ தமிழ்ப் படத்தில் மாதவனுக்கு ஜோடியாக முதலில் ஒப்பந்தமானவர் மீரா ஜாஸ்மின் அல்லர். மும்பையின் செம்பூரில் வளர்ந்த, அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த வித்யா பாலன்தான் அவர். முதற்கட்டப் படப்பிடிப்பு முடிந்த நிலையில் அவர் நீக்கப்பட்டார். அடுத்து ஒப்பந்தமான ‘மனசெல்லாம்’ படத்திலும் அவருக்குப் பதிலாக த்ரிஷா நடித்தார். மூன்றாவதாக ஒப்புக்கொண்ட தமிழ்ப் படத்திலிருந்து, தம்மிடம் சொல்லப்பட்ட கதை வேறு, எடுக்கப்படுவது வேறு என்பதை அறிந்து அவரே விலகினார்.

பின்னர் தேசிய விருதும் பத்மஸ்ரீயும் பெற்ற ஒரு நடிகை, வீட்டில் பேசும் மொழியின் திரையுலகிலேயே இடம் கிடைக்காமல் போனது திறமைக் குறைவால் அன்று. அவர் மீது அதற்கு முன்பே ஒட்டப்பட்டிருந்த ‘ராசியில்லாதவர்’ என்ற முத்திரையும் அதில் சேர்ந்திருந்தது.

செம்பூரும் தொலைக்காட்சியும்

வித்யாவின் குடும்பம் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம். மாட்டுங்காவுக்கு அடுத்தபடியாகத் தமிழ் நடுத்தர வர்க்கத்தினர் பெருமளவில் குடியேறிய பகுதி செம்பூர். 1948-இல் ராஜ் கபூர் நிறுவிய ஆர்.கே. ஸ்டூடியோவும் அங்கேதான் இருந்தது. அக்கம்பக்கத்தில் சினிமா இருந்ததே தவிர, வித்யாவின் வீட்டில் சினிமாத் தொடர்பு எதுவும் இல்லை. செம்பூரின் புனித அந்தோணியார் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் படித்த அவர், பிறகு செயின்ட் சேவியர் கல்லூரியில் சமூகவியல் பயின்றார். படிப்பை முடித்த பிறகே நடிப்பு என்பது பெற்றோர் விதித்த நிபந்தனை.

ஆனாலும் பதின்ம வயதிலேயே சின்னத்திரையில் ஒரு வாய்ப்பு வந்தது. ஐந்து பெண்களைப் பெற்ற ஒரு தந்தையின் பாட்டைச் சொல்லும் ‘ஹம் பாஞ்ச்’ என்ற நகைச்சுவைத் தொடர், ஜீ தொலைக்காட்சியில் 1995-இல் தொடங்கியது. இறந்துபோன முதல் மனைவி சுவரில் மாட்டிய படத்திலிருந்தபடியே கணவரை அதட்டும் அந்தத் தொடரை, இந்தி தெரிந்த மும்பைத் தமிழ் வீடுகளில் இன்றும் நினைவில் வைத்திருப்பவர்கள் உண்டு. அதில் மூக்குக் கண்ணாடியும் காது கேட்கும் கருவியும் அணிந்த படிப்பாளிப் பெண் ராதிகாவாக வித்யா நடித்தார். தொடரைத் தயாரித்தது ஏக்தா கபூரின் நிறுவனம். அந்தப் பெயர் இக்கட்டுரையில் மீண்டும் வரும். பிறகு வந்த மற்றொரு தொடர் வாய்ப்பை, திரைப்படத்தில் நடிப்பதே நோக்கம் என்று கூறி வித்யா மறுத்துவிட்டார்.

முத்திரை விழுந்த விதம்

முதுகலைப் படிப்பின்போது மோகன்லாலுக்கு ஜோடியாக ‘சக்ரம்’ என்ற மலையாளப் படம் அமைந்தது. மோகன்லால் படத்தின் கதாநாயகி என்பதே பெரிய பரிந்துரை. அதை நம்பி மேலும் பல மலையாளப் படங்கள் அவரைத் தேடி வந்தன. தயாரிப்புச் சிக்கல்களால் ‘சக்ரம்’ பாதியில் நின்றது. மோகன்லால் படம் நிற்பது அங்கு வழக்கமில்லாத ஒன்று. படக்குழுவில் புதியவர் யார் என்று பார்த்தார்கள். பழி அவர் மீது விழுந்தது. ஒப்பந்தமான மற்ற படங்களிலிருந்தும் அவர் நீக்கப்பட்டார்.

திரைத்துறையில் இந்த ‘ராசி’க் கணக்கு எப்போதும் ஒருவழிப் பாதைதான். பணம் போட்டவருக்கும் சந்தை உள்ள நாயகனுக்கும் அது பொருந்துவதில்லை. எதிர்த்துக் கேட்க வழியில்லாத புதுமுகத்துக்கே பொருந்துகிறது. நீக்கப்பட்டதற்கு எழுத்தில் காரணம் தர வேண்டியதும் இல்லை. அக்காலத்தில் ஒரு தயாரிப்பாளரின் சொற்களால் மனமுடைந்து, ஆறு மாதங்கள் கண்ணாடியில் தம் முகத்தைப் பார்க்கவே துணிவின்றி இருந்ததாக வித்யா பிற்காலத்தில் பேட்டிகளில் கூறியிருக்கிறார்.

விளம்பரம் திறந்த வாசல்

தெற்கில் கதவுகள் அடைபட்ட இந்த ஆண்டுகளில் அவரைத் தாங்கியவை தொலைக்காட்சி விளம்பரங்களும் இசைக் காணொளிகளும். அவற்றில் பலவற்றை இயக்கியவர் பிரதீப் சர்க்கார். 2003-இல் கௌதம் ஹால்தார் இயக்கிய ‘பாலோ தேகோ’ என்ற வங்காளப் படத்தின் வழியாக வித்யா திரையில் அறிமுகமானார். தமிழும் மலையாளமும் தெரிந்தவரின் முதல் படம் வங்காளத்தில் அமைந்தது விந்தைதான்.

சரத்சந்திரரின் நாவலைத் தழுவிய ‘பரிணீதா’வை இந்தியில் இயக்க முன்வந்த பிரதீப் சர்க்கார், நாயகியாக வித்யாவையே முன்மொழிந்தார். தயாரிப்பாளர் விது வினோத் சோப்ராவுக்குத் தயக்கம் இருந்தது. பல மாதங்கள் நீண்ட திரைச்சோதனைகளுக்குப் பிறகே அவர் இசைந்தார். 2005 ஜூன் மாதம் வெளியான அப்படம், சிறந்த அறிமுக நடிகைக்கான ஃபிலிம்ஃபேர் விருதை வித்யாவுக்குப் பெற்றுத் தந்தது. அடுத்த ஆண்டே ‘லகே ரஹோ முன்னாபாய்’ பெரும் வெற்றி பெற்றது.

இடையே சில படங்கள் சரிந்தன. அவருடைய உடையும் உடல்வாகும் கேலிக்குள்ளாயின. பால்கி இயக்கத்தில் அமிதாப் பச்சனுக்குத் தாயாக நடித்த ‘பா’ (2009) நிலைமையை மாற்றியது.

சில்க் ஸ்மிதாவின் நிழலில்

2011 டிசம்பர் 2 அன்று, சில்க் ஸ்மிதாவின் பிறந்தநாளில், ‘தி டர்ட்டி பிக்சர்’ வெளியானது. அவரது வாழ்க்கையின் சாயலில் எழுதப்பட்ட கதை அது. களம், தென்னிந்தியத் திரையுலகம். தயாரித்தவர்களில் ஒருவர் ஏக்தா கபூர். தமிழ்ப் படங்களிலிருந்து விலக்கப்பட்ட பெண்ணுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருதைப் பெற்றுத் தந்தது, தமிழ்த் திரை கொண்டாடிவிட்டுக் கைவிட்ட ஒரு நடிகையை நினைவூட்டிய வேடம். அடுத்த சில மாதங்களில் வந்த ‘கஹானி’, பெரிய நாயகன் இல்லாமலே திரையரங்குகளை நிரப்பியது. 2013-இல் கேன்ஸ் திரைப்பட விழாவின் நடுவர் குழுவில் இடம்பெற்ற வித்யாவுக்கு 2014-இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

‘ரன்’ வெளியாகி 17 ஆண்டுகள் கழித்து, 2019 ஆகஸ்ட் 8 அன்று, எச். வினோத் இயக்கத்தில் அஜித்குமார் நடித்த ‘நேர்கொண்ட பார்வை’ திரைக்கு வந்தது. அமிதாப் பச்சன் நடித்த ‘பிங்க்’ படத்தின் மறுஆக்கம் அது. அஜித்தின் மனைவி கல்யாணியாக, ஒரு பாடலிலும் சில காட்சிகளிலும் வித்யா பாலன் தோன்றினார். தமிழில் அவரது முதல் படம் அதுவே.