கல் இங்கே, படம் எங்கேயோ

தருமபுரிப் பக்கம் இப்போதெல்லாம் அஸ்திவாரக் குழி தோண்டும்போதே வீட்டுக்காரரின் போனில் உள் அலங்காரப் படங்கள் குவிந்துவிடுகின்றன. வெள்ளைத் தரை, ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி, கூரையில் மறைவிளக்கு. மேஸ்திரியிடம் போனை நீட்டி, “இதே மாதிரி வேணும்” என்கிறார்கள். அது குளிர்நாட்டு வீடாக இருக்கலாம். கணினியில் வரைந்த, யாரும் குடியிராத அறையாகவும் இருக்கலாம். படம் பார்ப்பது தப்பில்லை. காசில்லாமல் கண்ணுக்குப் பழக்கம் தருகிறது. ஆனால் எது அழகு என்று காட்டும் படம், அதை ஏன் அப்படிக் கட்டினார்கள் என்று சொல்வதில்லை. அது தெரிய, நிற்கிற கட்டடம் ஒன்றுக்குள் போய் மத்தியானம் சற்று நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்கு மாவட்ட எல்லையைத் தாண்ட வேண்டியதில்லை.

கல்லிலிருந்தே தொடங்கலாம். பென்னாகரம், அரூர், பாலக்கோடு வட்டாரங்களில் உயர்தரக் கறுப்பு கிரானைட் கிடைக்கிறது. அந்தக் கல் கிடைக்கிற ஊரிலேயே கட்டும் வீட்டுக்கு, இத்தாலிய மார்பிளின் கோடுகளை அச்சிட்ட டைல்ஸ் குஜராத்தின் மோர்பியிலிருந்து லாரியில் வந்து இறங்குகிறது. கல்லை அனுப்பிவிட்டுக் கல்லின் படத்தை வாங்குகிறோம். விலைதான் காரணம் என்பார்கள். உண்மைதான், வீடு முழுக்கக் கல் பதிக்க எல்லோராலும் ஆகாது. வாசற்படி, சமையல் மேடை, கால் அதிகம் புழங்கும் நடை, இந்த மூன்றுக்கு மட்டும் போட்டால் போதுமே. அப்போதும் பளபளப்பு வேண்டுமா என்று யோசிக்க வேண்டும். உப்புத் தண்ணீர் வரும் போர் என்றால், மெருகேற்றிய கறுப்பு மேடையில் ஒரு சொட்டு காய்ந்தாலும் வெள்ளை வளையம் விழும். தினமும் துடைப்பது யார் என்பது வீட்டுக்கு வீடு தெரிந்த விஷயம். சொரசொரப்பாக விட்ட கல்லில் அந்தக் கறை கண்ணை உறுத்தாது. குளியலறைக் கண்ணாடித் தடுப்புக்கும் இதே கணக்குதான். படத்தில் தண்ணீர் சொட்டுவதில்லை.

அடுத்தது கூரை. அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயில் மண்டபத்தில் அண்ணாந்து பார்த்தால் விதானத்தில் இதிகாசக் காட்சிகளின் ஓவியங்கள். கல் மண்டபத்தின் கூரையை மறைக்காமல் அதையே அழகாக்கியிருக்கிறார்கள். நாமோ பத்தடி உயர அறையில் ஃபால்ஸ் சீலிங் போட்டு ஓரடியை இழந்து, மின்விசிறியையும் அதற்கேற்பக் கீழே இறக்குகிறோம். பகலெல்லாம் கான்கிரீட் தளம் வாங்கிய சூடு ராத்திரியில் இறங்கும்போது, அறையின் மேல்பகுதியில் சூடான காற்று தங்க இடம் வேண்டும். வெளியேற வழியும் வேண்டும். பழைய ஓட்டு வீட்டில் ஓட்டின் இடுக்குகளே வழி. பிறகு வந்த தளம்போட்ட வீடுகளில் ஜன்னலுக்கு மேல் சின்ன வென்டிலேட்டர் இருந்தது. ஏசியும் முகப்பு எலிவேஷனும் சேர்ந்து அதை அடைத்துவிட்டன.

இங்கே ஒரு நியாயமான கோபம் எழும். மழைக்கு ஒழுகி, கரையானோடு மல்லுக்கட்டிய மண்வீட்டில் வளர்ந்தவரிடம் பழைய வீட்டின் பெருமையைப் பேசுவது வசதி உள்ளவரின் சொகுசு. அவருக்குத் தளம்போட்ட வீடு என்பது மானம். சரி, மண்வீடு கட்டச் சொல்லவில்லை. அதிலிருந்த காரணத்தை மட்டும் கான்கிரீட் வீட்டுக்குள் கொண்டுவரச் சொல்கிறேன். கேரளத்தில் வீடுகள் கட்டிய கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், சுற்றுவட்டாரத்தில் கிடைக்கும் பொருளைக் கொண்டே கட்டு என்ற காந்தியின் யோசனையைத் தன் தொழிலுக்கு அடிப்படையாக வைத்தார். அவரும் சிமென்ட்டை ஒதுக்கவில்லை, தேவைக்குச் செலவழித்தார்.

கட்டும் பொருள் மட்டுமல்ல, அலங்காரமும் பக்கத்திலேயே கிடைக்கிறது. அரூரைத் தாண்டிய சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே சிட்டிலிங்கி இருக்கிறது. 1993இல் மருத்துவர் தம்பதி ரெஜி, லலிதா அங்கே ஒரு குடிசையில் தொடங்கிய சிகிச்சை, பிறகு பழங்குடி மருத்துவமனையாக வளர்ந்தது. அதையொட்டி 2006இல் வந்தது ‘பொற்கை’ என்ற கைவினை அமைப்பு: லம்பாடி சமூகப் பெண்களிடம் மறைந்துகொண்டிருந்த எம்பிராய்டரியை மீட்டு, உடைகளோடு குஷன் உறை போன்ற வீட்டுத் துணிகளும் தைக்கிறார்கள். சிவப்பும் நீலமும் மஞ்சளுமாய்க் கட்டம் கட்டமாக நிறையும் கைத்தையல் அது. வெறும் வெள்ளைச் சுவரில் ஒரே ஒரு துண்டைச் சட்டமிட்டு மாட்டினாலே கூடத்துக்கு வேறு அலங்காரம் வேண்டாம். மேற்கு வெயில் நேராக விழாத சுவராகப் பார்க்க வேண்டும், சாயம் வெளுத்துவிடும். அந்தச் சுவர் எது, அதற்கு மேலே விளக்குப் புள்ளி எங்கே என்பதை, எலக்ட்ரீஷியன் சுவரைக் கொத்திப் பைப் பதிக்கும் முன்பே முடிவுசெய்துவிடலாம்.