சாகாத கோழி

ஒன்பது கோழி செத்தால் கோழிக்கடைக்காரருக்கு அது ஒரு சேதியே அல்ல. வண்டியில் வந்த அலுப்பு, வெயில், வெள்ளைக் கழிச்சல் என்று எதையாவது சொல்லித் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த கூண்டைத் திறப்பார். 2017 கடைசியில் பெங்களூரு தாசரஹள்ளியில் செத்தவையும் ஒன்பதுதான். சோதித்தால் எச்5 வகைப் பறவைக் காய்ச்சல். மிச்சத்தையும் அழித்தார்கள். உலக விலங்கு சுகாதார அமைப்புக்குப் போன கணக்கில் மொத்தப் பறவைகள் 951.

2012 அக்டோபரில் பெங்களூரு அருகே ஹெசரகட்டாவில் உள்ள மத்திய அரசுக் கோழிப்பண்ணையில் பறவைக் காய்ச்சல் வந்தபோது யாரும் ஏமாற வழியில்லை. வான்கோழிகள் கொத்துக் கொத்தாக விழுந்தன.

இரண்டு இடத்திலும் துப்புக் கொடுத்தது சாவுதான். கோழி சாகாவிட்டால்?

நம் பண்ணைகளில் எச்9என்2 என்ற சாதுவான பறவைக் காய்ச்சல் வைரஸும் நெடுநாளாகக் குடியிருக்கிறது. கொஞ்சம் சளி, தீனி குறையும், முட்டை இறங்கும், அவ்வளவுதான். வைரஸின் மேல் ஒரு புரதம் இருக்கிறது; அது வெட்டுப்பட்டால்தான் தொற்று பரவும். சாதுவான வகையை வெட்டும் நொதி மூச்சுக்குழலிலும் குடலிலும்தான் உண்டு. எச்5என்1 போன்ற முரட்டு வகைக்கோ உடம்பெங்கும் கத்தி தயார். மூளை, இதயம் என்று ஏறி, கொண்டை நீலம் பாரித்து, ஓரிரு நாளில் கோழி சரிந்துவிடும்.

ஒரே கோழிக்குள் இரண்டும் நுழைந்தால் கொடியது ஜெயிக்கும் என்றுதான் நினைப்போம். நடந்தது வேறு. 1997இல் ஹாங்காங்கில் எச்5என்1 தொற்றி 18 பேர் நோயுற்றனர், 6 பேர் இறந்தனர். அங்கே சந்தைக் கோழிகளோ பலவும் தெம்பாகவே நின்றன. அந்தப் புதிரை சியோ, வெப்ஸ்டர் என்ற இரு விஞ்ஞானிகள் 2001இல் அவிழ்த்தார்கள். முன்பே எச்9என்2 தொற்றியிருந்த கோழிகளுக்கு எச்5என்1ஐக் கொடுத்துப் பார்த்தார்கள். பிழைத்துக்கொண்டன. பழைய தொற்றில் பழகிய டி செல்கள் என்ற நோய் எதிர்ப்பு அணுக்கள் காப்பாற்றிவிட்டன. ஆனால் எச்சத்தில் எச்5என்1 இறங்கிக்கொண்டே இருந்தது!

தாசரஹள்ளியில் இப்படி நடந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் செத்த கோழியை மட்டும் போபாலில் உள்ள விலங்கு நோய் ஆய்வகத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தால் இந்த ரகம் சிக்காது. நன்றாக நிற்கும் கோழியின் ஆசனவாயிலும் பஞ்சுக் குச்சியை வைத்து எடுக்க வேண்டும், கூண்டுக்கடியில் இருக்கும் தகரத் தட்டையும் துடைத்துப் பார்க்க வேண்டும். நன்றாக வெந்த கறிக்குப் பயமில்லை. அந்தத் தட்டை வெறுங்கையால் வழித்துக் கொட்டும் பையனுக்குத்தான் ஆபத்து.

நாமோ கடை வாசலில் நின்று, “நல்லாத் துறுதுறுன்னு இருக்கறதாப் பாத்துக் குடுங்கண்ணா” என்கிறோம்.