கல்லிலே ஒரு சவப்பெட்டி!
நொய்யல் கரையில் 2,000 ஆண்டு அதிசயம்

1972-ம் ஆண்டு. சீனாவில் சாங்ஷா நகரத்துக்கு அருகே ஒரு மேட்டைத் தோண்டினார்கள்.

உள்ளே ஒரு பெரிய மரப்பெட்டி. அதைத் திறந்தால் இன்னொரு பெட்டி. அதற்குள் இன்னொன்று! இப்படி 4 பெட்டிகள்.

கடைசிப் பெட்டியில் ஒரு பிரபுவின் மனைவி. பட்டுத் துணியால் சுற்றப்பட்டிருந்தாள். இறந்து 2,100 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் உடல் அழுகவில்லை!

பக்கத்தில் உணவுத் தட்டுகள், பட்டாடைகள். மறு உலகில் அவளுக்குத் தேவைப்படும் என்று வைத்தார்களாம்.

நம் ஊரில்

அதே காலத்தில் கொங்கு நாட்டில் என்ன செய்தார்கள்?

ஈரோடு மாவட்டம் சென்னிமலை பக்கம், நொய்யல் கரையில் இருக்கிறது கொடுமணல். "கொடுமணம்" என்று பதிற்றுப்பத்து சொல்லும் ஊர் இதுதான். அங்கே சுமார் 100 ஏக்கர் பரப்பில் பழைய இடுகாடு கிடக்கிறது. 1985-ம் ஆண்டு முதல் ஆராய்ச்சியாளர்கள் பல முறை தோண்டிப் பார்த்தார்கள்.

மரப்பெட்டி அல்ல, கல் பெட்டி! நான்கு பக்கமும் பலகைக் கற்கள். மேலே ஒரு மூடுகல். சுற்றிலும் கல் வட்டம்.

ஒரு பலகையில் மட்டும் துளை இருக்கும். ஆவி வந்து போக என்பார்கள் சிலர். பின்னால் இறந்தவர்களின் எலும்பை உள்ளே வைக்க என்பார்கள் வேறு சிலர்.

வாள், மணி, சோற்றுக் கலம்

ஒரு கல்லறையில் இரும்பு வாள். இன்னொன்றில் சிவந்த சூதுபவள மணிகள், 2,000-க்கு மேல்! ஒரு குழியில் சம்மணம் போட்டு உட்கார்ந்த நிலையில் ஓர் எலும்புக்கூடு.

2020-ம் ஆண்டு தோண்டிய கல்லறை ஒன்றில் 10 பானைகளும் கிண்ணங்களும் இருந்தன.

போகிறவர் பசியோடு போகக்கூடாது! சீனச் சீமாட்டிக்குத் தட்டு வைத்தவர்களும், கொடுமணலில் கிண்ணம் வைத்தவர்களும் நினைத்தது இதைத்தானே? இன்றும் நாம் வாய்க்கரிசி போடுகிறோம் அல்லவா?

கடப்பாரை வேண்டாம்!

கோவைப் பக்கத்தில் இத்தகைய குழிகளைப் "பாண்டு குழி" என்பார்கள். புதையல் இருக்கும் என்ற ஆசையில் சிலர் தோண்டுவது உண்டு. உழவுக்குத் தடை என்று கல்லைப் பெயர்ப்பதும் உண்டு.

கல்லைப் பெயர்த்தால், அந்தக் கல்லறை சொல்ல வந்த சேதியும் போய்விடும்.

உங்கள் தோட்டத்தில் கல் வட்டம் தென்பட்டால் கை வைக்காதீர்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள்.

அங்கே உறங்குவது யாரோ அல்ல. நம் பாட்டன், பூட்டன்!